வசுமதி (பழைய), வசுமதி (புதிய)

"இவருக்குப் பதில் இவர்னு போட்டுட்டாங்க" என்றாள் புஷ்பம், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக் கணினியின் முன் உட்கார்ந்திருந்த சுவிசேஷமுத்துவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

"எவருக்குப் பதில் எவர்?"

"வசுமதிக்கு."

"வசுமதிக்குப் பதில்?"

"வசுமதிதான். ஆள் வேற. இவ கொஞ்சம் குண்டு."

சுவிசேஷமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'தாழம்பூ வாசல்' நெடுந்தொடருக்கென்று இணையத்தில் ஒரு களஞ்சியம் இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற வகையைச் சேர்ந்தது. அதற்கு அவர்தான் முதன்மை நிர்வாகி. எழுநூறு பகுதிகள், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். இத்தனைக்கும் தொடரை அவர் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. "பார்ப்பது வேறு, ஆவணப்படுத்துவது வேறு" என்பார். பார்க்கிற வேலை மனைவி புஷ்பத்துடையது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, ஏழரை மணிக்கு இந்தக் கணக்கையும் அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

களஞ்சியத்துக்கு அவர் பதினான்கு விதிகள் கொண்ட பெயரிடல் கொள்கை ஒன்றை இயற்றியிருந்தார். முதல் விதி: 'தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில், அது யாரைக் குறிக்கிறது என்று பாமரனுக்கும் விளங்க வேண்டும்.' பெயர் வைப்பதில் அவருக்கு அனுபவம் உண்டு. நகராட்சியில் தலைமை எழுத்தராக இருந்த காலத்தில், தாம்பரத்துக்கு மேற்கே ஒரு தெருவுக்கு 'அன்னை நகர் மூன்றாவது பிரதான சாலை இரண்டாவது குறுக்குத் தெரு விரிவாக்கம் (வடக்கு)' என்று பெயர் வைத்தவர் அவர். இன்றைக்கும் கேஸ் சிலிண்டர்காரர் அந்த முக்கில் நின்று "யார் வூடு?" என்று பொதுவாகக் கத்திவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

"இன்னும் மூன்று வாரம்கூட இல்லை, புஷ்பம். இந்த நேரத்திலா ஆளை மாற்றுவார்கள்?"

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நகர் நலச் சங்கத்தின் ஆண்டு விழா. அதில் சுவிசேஷமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தி 'இணையச் செம்மல்' பட்டம் வழங்குவதாகத் தீர்மானம் ஆகியிருந்தது. பட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அவரேதான். கதைமாந்தர் பட்டியலைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

அன்று இரவே பட்டியலில் இரண்டு பக்கங்கள் உருவாயின. வசுமதி (பழைய). வசுமதி (புதிய).

தொலைபேசி அடித்தது. களஞ்சியத்தின் இன்னொரு பங்களிப்பாளன், கல்லூரி மாணவன் குணா.

"சார், வெறும் 'வசுமதி'ன்னு ஒரே பக்கம் வச்சு, உள்ள ரெண்டு பேர் போட்டோவையும் போட்டுடலாமே?"

"தம்பி, காட்டாங்குளத்தூரில் என்ன படிக்கிறாய்?"

"மெக்கானிக்கல் சார்."

"அதைப் படி."

புதன்கிழமை வரை களஞ்சியத்தில் அமைதி நிலவியது. வியாழக்கிழமை ஏழு நாற்பதுக்கு, "ஐயையோ" என்றாள் புஷ்பம்.

"என்ன?"

"பழசு திரும்பி வந்துடுச்சு. பெட்டியோட வாசல்ல நிக்குது."

"எந்தப் பழசு?"

"பழைய வசுமதிங்க. புதுசு உள்ளேர்ந்து ஆரத்தித் தட்டோட வருது. ரெண்டும் நேருக்கு நேர் பாத்துக்குதுங்க. இடி இடிக்குது."

"மழையா?"

"மியூசிக்."

சுவிசேஷமுத்து தலையைப் பிடித்துக்கொண்டார். "சரி, வந்தது பழைய வசுமதி. அப்படியே குறித்துக்கொள்கிறேன்."

"எப்படிக் குறிப்பீங்க? இன்னைக்குப் புதுசா வந்தவதானே பழசு? திங்கட்கிழமை வந்த புதுசு இப்ப பழசாயிட்டாளே?"

"நீ குழப்பாதே!"

"நானா குழப்பறேன்?"

களஞ்சியத்தின் பேச்சுப் பக்கத்தில் அதற்குள் பதினேழு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 'பழைய'வைப் 'புதிய'வாக மாற்றினார் ஒருவர். இன்னொருவர் திருப்பி மாற்றினார். மூன்றாமவர் 'வசுமதி (முன்பு பழைய, தற்போது புதிய, ஆனால் பழைய)' என்று வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். சுவிசேஷமுத்து ஐந்தாம் விதியைத் திருத்தினார்: 'நடிப்பவரைக் கொண்டு அன்று, கதையில் உள்ள உறவைக் கொண்டே வேறுபடுத்த வேண்டும்.' அதன்படி, கதாநாயகனை வைத்து, ஒருத்தி 'வசுமதி (மோகன்ராஜின் மனைவி)' ஆனாள். மற்றவள் 'வசுமதி (மோகன்ராஜின் மனைவியாக நடிப்பவர்)'.

"இனி எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது. உறவு மாறாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை உறவு மாறியது.

"தாலி கட்டினது மோகன்ராஜ் இல்லையாம்" என்றாள் புஷ்பம்.

"பின்னே யார்?"

"தம்பியாம். ரெட்டைப் பிறவி."

"தம்பியாக நடிப்பவர் யார்?"

"அதே ஆள்தான். மீசை இல்ல. மோகன்ராஜ் உண்மையில தாலி கட்டினது அந்த இன்னொருத்திக்காம், திருத்தணியில வச்சு. போட்டோ காமிக்கறாங்க."

சுவிசேஷமுத்து மேசையில் ஓங்கிக் குத்தினார். "இந்த எழுத்தாளனுக்கு மூளை இருக்கிறதா? கதைக்கு ஒரு அடிப்படை வேண்டாமா? வாரத்துக்கு ஒரு புருஷனா?"

"எனக்கென்ன தெரியும்? நான் பாக்கறேன், சொல்றேன்."

உறவு வேண்டாம், இருப்பிடம் போதும் என்று முடிவு செய்தார். உடனே 'வசுமதி (அடையாறு பங்களாவில் வசிப்பவர்)' உருவானாள். புதன்கிழமை அவள் பங்களாவை விட்டு வெளியேறினாள். தெருமுனையைத் தாண்டுமுன் லாரி அடித்தது.

"செத்துட்டா" என்றாள் புஷ்பம், கண் கலங்க.

"நிச்சயமாகவா?"

"டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டாருங்க."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றார் சுவிசேஷமுத்து.

புஷ்பம் முதல்முறையாகத் தொலைக்காட்சியை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதற்கில்லை. ஒருத்தி இறந்துவிட்டாள் என்றால் விஷயம் தெளிவாகிவிடுகிறது அல்லவா" என்று சமாளித்தபடியே அவர் தட்டெழுதினார். வசுமதி (இறந்தவர்). வசுமதி (உயிருடன் இருப்பவர்). மனிதன் ஏற்படுத்திய உறவும் வீடும் மாறலாம், மரணம் மாறாது என்று பேச்சுப் பக்கத்தில் நான்கு பத்திகள் விளக்கம் வேறு எழுதினார். கல்லறைத் தோட்டத்துப் பிரசங்கம் போல இருக்கிறது என்று குணா பாராட்டினான். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் பக்தவச்சலத்தின் வீட்டில் விழாக் குழுக் கூட்டம். பட்டியலை அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார் சுவிசேஷமுத்து. காபி கொண்டு வந்த பக்தவச்சலத்தின் மனைவி சரிதா, நின்றவாக்கில் அதைப் படித்தாள்.

"சார், இந்த 'இறந்தவர்'னு போட்டிருக்கீங்களே, இவதானே வெள்ளிக்கிழமை பாயசம் கிண்டினா?"

கூட்டம் நிமிர்ந்தது.

"என்னம்மா சொல்கிறீர்கள்?"

"மார்ச்சுவரில கண்ணு முழிச்சிட்டா சார். வீட்டுக்கு வந்ததும் பாயசம் வச்சா. அதைக் குடிச்சுட்டு அந்த இன்னொருத்தி போய்ட்டா. மாலை போட்டுக் காமிச்சாங்களே, நீங்க பாக்கலையா?"

அந்த வெள்ளிக்கிழமை புஷ்பம் விடைத்தாள் திருத்தப் போயிருந்தாள். சுவிசேஷமுத்து வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அணைந்து கிடந்த தொலைக்காட்சிக்கு.

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. பக்தவச்சலம் தொண்டையைக் கனைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கக் குடுத்தாச்சு. சேர்மன் வர்றாரு. அவர் வீட்டம்மா இந்த சீரியலை ஒரு நாள் விடமாட்டாங்க. ஸ்க்ரீன்ல செத்தவளை உயிரோடன்னும் உயிரோட இருக்கறவளைச் செத்துட்டான்னும் போட்டா என் மானம் போயிடும்."

"அடுத்த ஞாயிறுக்குள் சரியாகிவிடும்."

"ஆகணும் சார். இல்லன்னா பொன்னாடையை யோகா மாஸ்டருக்குப் போத்திடலாம்னு கமிட்டில பேசிக்கறாங்க. பேனர்ல உங்க பேர் மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்கிறாங்க."

ஸ்டிக்கர் என்ற சொல் அவரைத் தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் உடல் அடையாளத்துக்கு மாறினார். சர்க்காரே ஒத்துக்கொள்வது மச்சத்தைத்தானே? 'வசுமதி (இடக் கன்னத்தில் மச்சம் உள்ளவர்)', 'வசுமதி (மச்சம் இல்லாதவர்)'. செவ்வாய்க்கிழமை மச்சக்காரியின் முகத்தில் வெந்நீர் கொட்டி, பிளாஸ்டிக் சர்ஜரி ஆனது. கட்டை அவிழ்த்தபோது மச்சத்தைக் காணோம். செத்துப்போய்ப் படத்தில் மாலையோடு தொங்கிய மற்றவள், மலேசியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினாள்.

"அவ கன்னத்துல மச்சம் இருக்குங்க" என்றாள் புஷ்பம், மிகவும் மெதுவாக.

சுவிசேஷமுத்து எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். துண்டைத் தோளில் போட்டபடி உட்கார்ந்து, இரண்டு விரல்களால், ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.

வசுமதி (அ). வசுமதி (ஆ).

பிறகு கொள்கையில் பதினைந்தாவது விதியைச் சேர்த்தார்: 'தலைப்பில் தகவல் எதுவும் இருத்தலாகாது.'

குணா அழைத்தான். "சார், இதுல அ யாரு, ஆ யாரு?"

"அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை."

"முதல் விதியில பாமரனுக்கும் விளங்கணும்னு…"

"பாமரன் விளங்காமல்தான் இருப்பான். போனை வை."

புதன்கிழமை பயந்துகொண்டே கேட்டார். "என்ன நடக்கிறது?"

"ஒண்ணும் நடக்கல. வசுமதி பழசை நினைச்சுப் பாக்கறா."

வியாழக்கிழமை?

"மோகன்ராஜ் பழசை நினைச்சுப் பாக்கறான். மூஞ்சியவே மூணு தடவை காமிச்சாங்க."

வெள்ளிக்கிழமை மாமியார் பழசை நினைத்துப் பார்த்தாள். யாரும் சாகவில்லை. யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவுமில்லை. சுவிசேஷமுத்துவுக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது. சனிக்கிழமை பக்தவச்சலத்தைக் கூப்பிட்டு, "ஸ்டிக்கருக்கு வேலையில்லை" என்றார்.

விழா, நகரின் கோடியில் இருந்த கல்யாண மண்டபத்தில் நடந்தது. சேர்மன் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அவர் வீட்டம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, திரையில் ஓடிய பட்டியலை உற்றுப் பார்த்தாள். அ என்றும் ஆ என்றும் எழுதியிருந்ததில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. பொன்னாடை ஏறியது. கைதட்டல் வந்தது. ஏற்புரைக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். சுவிசேஷமுத்து பதினெட்டாவது நிமிடத்தில் இருந்தார்.

"…ஆக, நண்பர்களே, எந்தக் குழப்பத்தையும் ஒழுங்கான பெயரால் அடக்கிவிடலாம். அடக்கிக் காட்டியிருக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். மூன்று வாரமாக நம் தாய்மார்களின் நிம்மதியைக் குலைத்தானே, இந்தத் தொடரை எழுதுகிறவன், பொறுப்பில்லாதவன், முன்பின் யோசிக்கத் தெரியாதவன், அவனை என் முன்னால் ஒரு நாள் நிறுத்துங்கள்! நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேள்வி கேட்கிறேன்!"

பலத்த கைதட்டலுக்கு நடுவே, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து மேடையருகே வந்தாள். கிளியம்மாள். நகரின் கடைசித் தெருவில் குடியிருப்பவள். ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் இந்தச் சீரியலை எடுக்கும் பங்களாவில் நடிகைகளின் புடவைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அவள் திரையைக் காட்டினாள்.

"சார், இந்த லிஸ்ட்டு போடறது நீதானா?"

"நானேதான் அம்மா" என்று சுவிசேஷமுத்து பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"அந்த அ, ஆவை எடுத்துட்டு ஒயுங்கா ஒரு பேரு வை சார். நீ அதைப் போட்டதுலேர்ந்து நாலு நாளா ஷூட்டிங்கே இல்ல. பேஜாரா கீது. பழைய சீனையே மாத்தி மாத்தி ஒட்டிகினு கீறாங்க."

சுவிசேஷமுத்து ஒலிபெருக்கியிலேயே சிரித்தார்.

"நான் பெயர் வைப்பதற்கும் உங்கள் ஷூட்டிங்குக்கும் என்னம்மா சம்பந்தம்? போய் உங்கள் எழுத்தாளனைக் கேள்!"

"எயுத்தாளரா? அவரு தீபாவளிக்கே வுட்டுட்டுப் பூட்டாரு சார். அன்னிலேர்ந்து டைரட்டரு தெனம் காலீல உன் லிஸ்ட்டைத்தான் கையில வச்சிகினு, 'இந்தாளு இன்னா போட்டுகீறான்னு பாரு, அதுக்கு நேர்மாறா எடு'ன்றாரு."