உப்பில்லா விருந்துக்கு ஓர் அடிக்குறிப்பு

"முதல் பக்கத்தை மட்டும் காட்டிட்டுக் கதவைச் சாத்துறான்! இது ஆய்வுக் கட்டுரையா, அரண்மனை அந்தப்புரமா?"

பேராசிரியர் கணினித் திரையைப் பார்த்துக் கத்தினார். பைபிள் காலத்து வீட்டு வாழ்க்கையைக் கல்லூரியில் கற்பித்தே தலை நரைத்தவர். அவருடைய புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் இந்த வம்பு.

மூன்றாம் அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு செய்தியை நம்பி எழுதப்பட்டிருந்தது. உப்பு பலிபீடத்துக்கு உரியது என்பதால், பழைய ஏற்பாட்டுக் காலத்தில் பெரிய விருந்தாளிகளுக்கு உப்பில்லாமல் சமைத்தார்கள் என்பதே அது. இணையத்தில் பத்துத் தளங்கள் அதைச் சொல்லின. பத்தும் ஒரு தொல்லியல்காரர் எழுதிய ஒரே கட்டுரையைக் கைகாட்டின. அந்தக் கட்டுரைதான் சந்தா கட்டாமல் திறக்க மறுத்தது.

"சாயந்திரத்துக்குள்ள மூலம் வரலேன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடுவோம் சார்" என்று பதிப்பாசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டார். புத்தகத்திலேயே பேராசிரியர் மிகவும் பெருமைப்பட்டுக்கொள்ளும் அத்தியாயம் அது. எடுப்பாராமே! என்ன திமிர்!

மனைவி டீயோடு வந்தாள். "என்ன தேடுறீங்கன்னு சொன்னா நானும்..."

"உனக்குப் புரியாது. இது ஆராய்ச்சி! சமையல் விஷயம் இல்ல!"

அவள் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

பேராசிரியர் கல்லூரி நூலகத்தின் பாஸ்வேர்டை அடித்தார். தவறு என்றது. தவறாவது! ஆத்திரத்தில் அதையே மறுபடி மறுபடி அடித்தார். சற்று நேரத்தில் நூலகர் போனில் அலறினார்.

"என்ன சார் பண்ணீங்க? கல்லூரிக் கணக்குக்கே பூட்டுப் போட்டுட்டாங்க! பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் என்னைப் பிடுங்கி எடுக்குது!"

"பூட்டினவனைக் கேளுங்க! அறிவைப் பூட்டி வைக்க இவனுங்க யாரு?"

போனை வைத்த கையோடு ஆய்வாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: 'இந்தக் கட்டுரை யாரிடமாவது உண்டா? உப்பில்லா விருந்தை அறியாதவர் பண்டைய வரலாற்றைப் பேசவே தகுதியற்றவர்.'

கட்டுரை வரவில்லை. அவருடைய பரம விரோதியான இன்னொரு கல்லூரி முதல்வர்தான் வந்தார். 'நானும் அறியாதவனே. ஆதாரத்தைக் காட்டினால் பிழைத்துப் போவேன்.'

பேராசிரியருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 'இன்றே காட்டுகிறேன். இல்லையென்றால் புத்தகத்தையே திரும்பப் பெறுகிறேன்!'

அனுப்பிவிட்டு நூலகரையே மறுபடி போனில் பிடித்து, எப்படியாவது கட்டுரையை வாங்கித் தரச் சொன்னார்.

நூலகர் பாவம், திட்டிக்கொண்டே யார் யாரையோ பிடித்துக் கட்டுரையை வாங்கி அனுப்பினார். பேராசிரியர் பாய்ந்து அடிக்குறிப்பைப் படித்தார். 'ஒரு பைபிள் அறிஞரின் வீட்டில் விருந்துண்டபோது நேரில் கேட்டறிந்தது.' அவ்வளவுதான்.

"எந்த அறிஞர்? பேரைப் போட்டா கை வலிக்குதா? பட்டப்பகல் திருட்டு!"

தொல்லியல்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்து, வணக்கம்கூடச் சொல்லாமல் பொரிந்து தள்ளினார். "யாரோட உழைப்பை ஐயா முழுங்கிட்டீங்க?"

மறுமுனையில் சிரிப்பு. "என்ன சார், மறந்துட்டீங்களா? கருத்தரங்குக்கு வந்தப்ப சாப்பிடக் கூப்பிட்டீங்களே. உங்க வீடுதான்!"

பேராசிரியருக்கு நெஞ்சு விம்மியது. என் கண்டுபிடிப்பு! என் வீட்டுப் பொருளைக் கேட்டு ஊரான் வாசலில் என்னையே நிற்க வைத்துவிட்டார்களே! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

குழுவில் எழுதினார்: 'மூலம் வேறெங்கும் இல்லை. மூலம் நானே!' பதிப்பாசிரியருக்கும் அதையே அனுப்பினார். முதல்வர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, 'தாங்கள் எந்தச் சுவடியில் கண்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்' என்றார்.

அதுதானே? எந்தச் சுவடி? மூளையைக் கசக்கியும் பிடிபடவில்லை.

"இங்க வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "அந்தத் தொல்லியல்காரர் நம்ம வீட்டுல சாப்பிட்டாரே, அன்னைக்கு உப்பில்லா விருந்தைப் பத்தி எந்த நூலைக் காட்டிப் பேசினேன்? ஞாபகம் இருக்கா?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எங்க பேசினீங்க? போன் வந்துச்சுன்னு வெளியில போயிட்டீங்க. சமையல்ல உப்புப் போட மறந்துட்டேன்னு அந்தப் பெரிய மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு, நான்தான் வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டேன்."