உபதேசியார் பெயர் வைத்த மரங்கள்

உலகத்திலேயே மரத்திடம் பெயர் கேட்டுவிட்டு நிழலில் உட்காருகிற ஒரே மனிதர் உபதேசியார்தான். பூவரசு, புன்னை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "அது ஜாதி சார். பேரு என்ன?" என்பார்.

கடலூரில் ஒரு பங்குக் கோவிலில் இருபத்தாறு வருடம் உபதேசியாராக இருந்து, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு எழுதியவர். ஓய்வுக்குப் பிறகு எங்கள் திட்டத்தில் மரம் எண்ணும் வேலைக்கு வந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

திட்டம் இதுதான். எங்கோ ஒரு கம்பெனியின் புகைபோக்கி விடும் புகைக்கு ஈடாக, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கடலோர மணலில் மரம் வளர்ப்பது. உயிரோடு நிற்கும் ஒவ்வொரு மரமும் கம்பெனி கணக்கில் கொஞ்சம் புகையைக் கழிக்கும். செத்த மரம் கழிக்காது. நட்டவை நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணுவது அவர் வேலை, அறிக்கை எழுதுவது என் வேலை.

முதலில் எண் எழுதிய தகடுகள் கட்டினோம். உப்புக் காற்றில் மூன்றே மாதத்தில் எண்கள் அழிந்தன. புதுத் தகடு கேட்டு நான் கடிதம் எழுதி முடிப்பதற்குள், உபதேசியார் நீளமான பதிவேடு ஒன்றை வாங்கி எல்லா மரத்துக்கும் பெயர் வைத்துவிட்டார். புனிதர்கள் நூற்று எண்பதோடு தீர்ந்துபோனார்கள். பிறகு அவருக்குப் பாடம் எடுத்த வாத்தியார்கள், சொந்தக்காரர்கள், கடைசியில் இரண்டு பஸ் டிரைவர்கள், ஒரு பல் டாக்டர்.

எந்த மரம் யார் என்பது அவருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? அதற்கும் வழி செய்தார். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர் போல, ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒரு ஞானத்தாய் அல்லது ஞானத்தகப்பன்.

"எங்க ஊட்ல யாரும் வேதக்காரங்க இல்லியே, உபதேசியாரே" என்றார் மீன் விற்கும் செல்வி.

"மரமுந்தான் இல்ல. தண்ணி ஊத்து, போதும்."

மரம் வாடினால் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டு வாசலில் நிற்பார். "ஒம்புள்ள அங்க தல தொங்கி நிக்குது. நீ கொழம்பு ஊத்திக்கிறியா? ஊத்திக்கோ, ஊத்திக்கோ." குப்பமே அவரைக் கண்டு பயந்தது. நடுக்கடலில் படகிலிருந்து ஒருவர் மனைவிக்குப் போன் போட்டு, "ஜெயசீலனுக்குத் தண்ணி குடுத்தியா?" என்று கேட்க, கேட்டுக்கொண்டிருந்த மாமியார் அந்த ஜெயசீலன் யாரென்று தெரியும்வரை இரண்டு நாள் மருமகளிடம் பேசவில்லை.

மரம் செத்தால் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதுவார். பெயர், தேதி, காரணம். பெரும்பாலும் காரணம்: ஆடு. ஓர் இடத்தில் மட்டும் "கிரிக்கெட்".

ஒரு புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மேனேஜர் சென்னையிலிருந்து வந்தார். பின்னாலேயே ஒரு வேன் நிறைய கன்றுகள். மறுநாள் மரங்களைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஓர் அம்மாள் வருகிறார். செத்திருந்தவை முப்பத்தேழு.

"அந்தந்த எடத்துல இத வெச்சிடுங்க. எல்லாம் ஒரே உயரந்தான்" என்றார் மேனேஜர்.

"வெய்ங்க சார். புதுப் பேரு, புதுத் தேதி போட்டுக்கறேன்."

"பழைய பேரே இருக்கட்டும் பெரியவரே."

"செத்தவன் கார்டுல இன்னொருத்தன ரேஷன் வாங்கச் சொல்றீங்க."

மேனேஜர் என்னிடம் திரும்பினார். "அந்தப் பதிவேட்ட பீரோல வெச்சிப் பூட்டுங்க சார். நாளைக்கு இவரு வாயத் தொறந்தா வேலை கெடையாது."

"தொறக்கல சார்" என்றார் உபதேசியார்.

நான் பூட்டினேன். உயிரோடு நானூற்றுப் பன்னிரண்டு என்று அறிக்கையும் எழுதினேன்.

உபதேசியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் ஓரமாக, வாய் மூடி நின்றார். ஆனால் விருந்தாளி வருகிற செய்தி முன்பே குப்பத்துக்குப் போயிருந்தது. ஞானத்தாய்கள் தலை சீவி, பூ வைத்து, அவரவர் மரத்தடியில் நின்றார்கள்.

அந்த அம்மாள் செல்வியிடம் கேட்டார். "இது எப்ப வெச்சது?"

செல்வி கன்றை மேலும் கீழும் பார்த்தார். "எம்புள்ள ஆரோக்கியசாமி போன மாசமே செத்துட்டான் மேடம். இது யாருன்னு எனக்குத் தெரியாது."

அந்த அம்மாள் பதறிப்போய் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மரத்த சொல்றாங்க மேடம்" என்றார் மேனேஜர்.

"எங்களுதும் இது இல்ல" என்றது அடுத்த குரல். வரிசையாக முப்பத்தேழு கன்றுகளும் அநாதையாயின.

"யார் யாருன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். உபதேசியார் மணலைப் பார்த்தார். பதிவேடு வெளியே வந்தால் அவர் வாய் திறந்த மாதிரிதான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்துவந்து கொடுத்தேன்.

அறிக்கை முந்நூற்று எழுபத்தைந்து என்று திருத்தப்பட்டது. மாதக் கடைசியில் உபதேசியாரை நிறுத்தும் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். வாங்கிப் படித்தவர், "தேதி தப்பு சார், இன்னிக்கி முப்பது" என்று திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை வருட வேலையில் நான் தேதி தப்பாகப் போட்டது அந்த ஒரு முறைதான்.

வேலை போனதே தவிர, அவர் மணலுக்கு வருவது நிற்கவில்லை. புதுக் கன்றுகளுக்கும் பெயர் வைத்தார். அவரிடமே திரும்பிப்போன பதிவேட்டை ஒருநாள் வாங்கிப் புரட்டினேன். ஆரோக்கியசாமி செத்த இடத்தில் நிற்கும் புன்னைக்கு என் பெயர் இருந்தது. ஞானத்தகப்பன் என்ற இடத்தில் உபதேசியாரின் கையெழுத்து.

நேற்று சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துபோய்ப் பார்த்தேன். குடத்தைச் சாய்த்து, எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.