நாலாவது காலேஜும் என் தலையாட்டலும்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை. ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். (ரொம்பப் பொறுக்க வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கும்.)

எங்கள் கடைக்குட்டி ஜெயந்தி பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிக்கப்போகிறேன் என்றாள். எத்தனை காலேஜுக்கு விண்ணப்பம் போடுவது என்று வீட்டில் மாநாடு கூடியது. தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் படிப்பு விஷயத்தில் பெரிய நிபுணர். (எட்டாவது ஃபெயில்.)

"இன்னாத்துக்கு ஊரெல்லாம் அப்ளிகேசன்? ஒண்ணு போடு. கெடைச்சா படி. கெடைக்கலயா, கடைல வந்து ஒக்காரு. வெங்காயம் நிறுக்க ஆளு இல்லாம பேஜாரா கீது."

"பத்தாச்சும் போடணும்பா. வெங்காயம் நிறுக்கவா நான் பயாலஜி படிச்சேன்?" என்று ஜெயந்தி கண்ணைக் கசக்கினாள்.

சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பெரிய மகன் லேப்டாப்பைத் திறந்து, கட்டம் கட்டமாக என்னவோ போட்டு, வெகுநேரம் யோசித்து, "மூணு" என்றான். ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு நம்பர் சொல்ல அத்தனை பெரிய மெஷின் தேவைப்பட்டது.

மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பினால் விளங்காது என்று, நாலாவது ஆளாக ஒரு கூழாங்கல்லையாவது முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவர்கள் நாங்கள். பெண்ணின் வாழ்க்கையை மூன்றில் நிறுத்துவதா? வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் பெரியவன் சிரிப்பான். அதனால், பேருக்கு ஒரு காலேஜில் நாலாவதாக நானே போட்டுவிட்டு வருவது என்று அறிவாளித்தனமாக முடிவு செய்தேன்.

வண்டலூர் தாண்டி ஒரு நர்சிங் காலேஜ். எந்தக் காகிதம் கேட்பார்களோ தெரியாததால், ஜெயந்தியின் ஃபைலை அப்படியே தூக்கிப்போனேன். ஆபீஸ் அம்மா எல்லாவற்றையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

"பொண்ணு சேர்றது கன்ஃபார்ம்தானேம்மா?"

தலையாட்டினேன். புது ஆட்களிடம் எனக்கு வாய் வராது, தலை மட்டும் வரும்.

"ஹாஸ்டல் வேணுமா?"

தலையாட்டினேன்.

"ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இங்கயே இருக்கட்டும், என்ன?"

அதற்குப் பலமாகவே ஆட்டினேன், சீக்கிரம் வெளியே போகலாமே என்று.

கொஞ்ச நாளில் போட்ட மூன்றில் இரண்டு காலேஜ் கையை விரித்தது. மூன்றாவது, ஜெயந்தி உயிரை வைத்திருந்த பெரிய ஆஸ்பத்திரிக் காலேஜ். அங்கிருந்து ஒரு காலையில் போன். ஒரு சீட் காலி, மூன்று மணிக்குள் ஒரிஜினலோடு வரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

"அம்மா, ஃபைல் எங்க?"

சொன்னேன்.

"கல்லுக்குப் பதிலா காலேஜா! கல்லுன்னா கீழ போட்டுட்டு வந்துடலாம். இத எங்கம்மா போடறது?"

ஓடினோம். "அட்மிஷன் போட்டாச்சு. உங்க அம்மாதான் எல்லாத்துக்கும் சரின்னாங்க" என்று ஆபீஸ் அம்மா கையைக் கட்டிக்கொண்டார்கள். ஜெயந்தி கெஞ்சினாள், அழுதாள். நான் பேசவேண்டிய இடம் அது. பேசினேனா? அப்படியே சுவரோரம் தரையில் சரிந்து உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான். படித்ததைச் செய்துபார்க்க ஆள் கிடைக்காமல் இருந்தார்களோ என்னவோ, வெள்ளை யூனிஃபார்ம் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆன்ட்டி, தலை சுத்துதா?"

இல்லை என்றால் பிள்ளைகளின் முகம் வாடுமே. தலையாட்டினேன்.

"நெஞ்சு வலிக்குதா?"

ஆட்டினேன்.

"இடது கை இழுக்குதா?"

இழுத்தது. ஒருத்தி பிரஷர் பார்க்க அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பிரின்சிபாலே ஓடிவந்தார். "இங்க ஏதாவது ஆயிடப் போகுது! அந்த ஃபைலக் குடுங்க, ஆட்டோவக் கூப்பிடுங்க! எந்த ஆஸ்பத்திரிம்மா போறீங்க?" அழுதபடியே ஜெயந்தி எந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. (அழுகை நிஜம் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.)

துணைக்கு ஒரு மாணவியும் ஏறிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி" என்று ஜெயந்தியின் காதில் சொன்னேன். அவள் என்னை முறைத்த முறைப்பில்தான் எனக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. "கம்முனு சாஞ்சுக்கோ. எறங்கற வரைக்கும் நீ பேஷன்ட்டு."

அவள் காலேஜ் பக்கம் ஓட, என்னை வீல்சேரில் எமர்ஜென்சிக்குத் தள்ளிப்போனார்கள். நெஞ்சில் வயர்களோடு படுத்திருந்தபோது வீட்டுக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று ஊரே கேட்க அழுதார். கல்யாணமானதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை.

மூன்று அடிப்பதற்குள் ஜெயந்தி சீட்டோடு வந்தாள்.

இப்போது அவள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவள் நடத்தும் முதல் பாடம் நான்தானாம். "பேஷன்ட் எல்லாத்துக்கும் தலையாட்டினா நம்பாதீங்க. நடுவுல, 'உங்களுக்கு மூணு காலா?'னு ஒருதடவ கேளுங்க. அதுக்கும் ஆட்டினா, எங்க அம்மா கேஸ்." வீட்டில் குழம்பு நல்லா இருக்கிறதா என்று என்னைக் கேட்பவர்கள்கூட, கூடவே என் கால்களையும் விசாரிக்கிறார்கள்.

அந்தக் காலேஜ் கூடுவாஞ்சேரிக்கு முன்னாலா பின்னாலா, கெடு மூன்று மணியா நாலு மணியா என்பதெல்லாம் குழப்பமாக இருக்கிறது. யாராவது சரிபார்த்துவிடுங்கள். ஜெயந்தியைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், நீங்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன்.