இறங்காத லிஃப்டும் மூவகை விதிகளும்

நாகரிகமான அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் லிஃப்ட் இன்றியமையாதது என்று மேலிடம் திருவாய் மலர்ந்ததால், அந்த ஐந்து மாடி அலுவலகமும் லிஃப்ட் வாங்க ஒப்பந்தம் போட்டது. எழுதியவர் சட்ட அதிகாரியம்மா. ஒப்பந்தச் சட்டப் பயிற்சி முகாமிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். விதிகளை வகை பிரிக்காமல் அவருக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது.

லிஃப்ட் மேலே ஏற வேண்டும் என்பதை நிபந்தனை ஆக்கினார். மீறினால் ஒப்பந்தமே ரத்து. இயக்குநர் தலைசீவ உள்ளே கண்ணாடி வேண்டும் என்பதை உத்தரவாதம் ஆக்கினார். மீறினால் நஷ்டஈடு மட்டும்.

திறப்பு விழாவன்று இயக்குநர் ஜம்மென்று ஐந்தாம் மாடிக்குப் போனார். திரும்பும்போது லிஃப்ட் அரை அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டது. கதவு ஒரு சாண்தான் திறந்தது.

சட்ட அதிகாரியம்மா மூச்சிரைக்கப் படியேறி ஓடினார். லிஃப்ட் கம்பெனிக்காரர் பின்னாலேயே நிதானமாக வந்தார்.

"ஏறுச்சா மேடம்?"

"ஏறுச்சு. இறங்கலையே!"

"இறங்கணும்னு எங்கே எழுதியிருக்கு?"

"இதையெல்லாமா எழுதுவாங்க? சொல்லாமலே அடங்கின விதி அது!"

"சரி, ஒத்துக்கறேன். எந்த வகை? நிபந்தனைன்னா ஒப்பந்தம் ரத்து. என் லிஃப்டைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேன்."

"ஐயையோ, சார் உள்ளே இருக்காரே!"

"உத்தரவாதம்னா நஷ்டஈடு தர்றேன். லிஃப்ட் இப்படியே இருக்கும். சாரும் இருப்பார்."

உள்ளேயிருந்து இயக்குநர் உறுமினார்: "மூணாவது வகை எதுவும் இல்லையாம்மா?"

இருந்தது. அதற்குப் பெயர்தான் கிடையாது. மீறலால் எவ்வளவு பெரிய கேடு விளைந்தது என்று பார்த்த பிறகே ரத்தா, நஷ்டஈடா என்று தீர்மானிக்க வேண்டும். கேட்டை அளக்க உடனடியாகக் குழு அமைக்கப்பட்டது. இயக்குநருக்குக் கதவிடுக்கு வழியாகச் சாப்பாடு போயிற்று.

குழு கீழே மனுவோடு வரிசையில் நின்ற பொதுமக்களை விசாரித்தது. "இயக்குநர் இல்லாததால உங்களுக்கு என்ன பாதிப்பு?"

"வீட்டு வரைபடத்துக்கு வருஷக்கணக்கா அலைஞ்சேன். நேத்து அனுமதி குடுத்துட்டாங்க," என்றார் ஒரு கொத்தனார். "புண்ணியமாப் போகும், அவரை இறக்கிடாதீங்க."

கேடு எதுவுமில்லை என்று அறிக்கை வந்தது. வேலை போனது என்றே நினைத்த சட்ட அதிகாரியம்மா அதை இடுக்கில் நீட்டினார். இயக்குநர் நெடுநேரம் படித்தார்.

"சம்பளம் நிக்காதே?"

"நிக்காது சார்."

"மனுவைத் தூக்கிக்கிட்டு எவனாச்சும் உள்ளே வர முடியுமா?"

"முடியாது சார்."

"அப்புறம் எதுக்கும்மா பதறுறீங்க?"

அந்த வாரமே துணை இயக்குநர்கள் ஆளுக்கொரு லிஃப்ட் கேட்டார்கள். பொதுமக்கள் ஒருமனதாக ஆதரித்தார்கள். செலவுக்குப் புது வரி என்றபோதும் கைதட்டினார்கள். சட்ட அதிகாரியம்மா இந்த முறை எதையும் சொல்லாமல் விடவில்லை. முதல் நிபந்தனையாகவே எழுதினார்: லிஃப்ட் இறங்கினால் ஒப்பந்தம் ரத்து.