நிறுவனரின் இடது கன்னம்

நிறுவனரின் இடது கன்னத்தில் கடுகளவு நீலப் புள்ளி விழுந்தபோது மணி இரண்டரை. நான்கு மணிக்குப் பயிற்சி நிலையத்தின் முதல்வர் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது.

குற்றவாளி, மாணவர்களில் ஒருவரான பேருந்து ஓட்டுநர். அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் பெயிண்ட் வரும் என்று மாஸ்டர் காலையிலிருந்து தொண்டை வறள ஏர் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். யாராவது கூப்பிட்டால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். அவரேதான் கூப்பிட்டார். ஓட்டுநர் மரியாதை தெரிந்தவர். விசையிலிருந்து விரலை எடுக்காமல் முழு உடம்போடு திரும்பினார். பின்சுவரில், ஆளுயரச் சட்டத்துக்குள், அந்தப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கிய பெரியவர் எண்ணெய் ஓவியமாக வீற்றிருந்தார்.

மாஸ்டர் ஓடிப்போய்ப் புள்ளியைப் பார்த்தார். இருபது வருடம் மோட்டார் சைக்கிள் டேங்குகளில் நெருப்பும் கழுகும் வரைந்தவர். பட்டறையை மூடியபின் கிடைத்த முதல் பிடிமானம் இந்தச் சனிக்கிழமை வகுப்புதான். இன்றைக்குச் சோதனை, முதல்வருக்குப் பிடித்தால் நிரந்தரம். மகளோ "எங்கப்பா இப்ப வாத்தியார்" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள்.

"பதறாதீங்க," என்றார், பதறிக்கொண்டே. "தப்பைத் திருத்துறதுதான் மத்தியானப் பாடம்."

மாணவர்கள் மூவரும் பயபக்தியோடு சுற்றி வந்து நின்றார்கள். ஓட்டுநர், கேக் கடைக்காரர், பிறகு மூலை மேசை அம்மாள். அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அதிகம் பேசாமல், சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறவர்.

ஈரத்துணியால் ஒற்றியதில் கடுகு நெல்லிக்காய் ஆனது. பெயிண்ட் கரைக்கும் தின்னரைத் தொட்டுத் துடைத்ததில் நீலம் போயிற்று. கூடவே கன்னமும் பாதி மீசையும் போயின. திருத்தும்போது அவசரம் கூடாது என்று மாஸ்டர் விளக்கினார். அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார்.

தோல் நிறத்தைக் கலந்து, நாலு விரல் தள்ளிப் பிடித்து, மெல்லிய படலமாக ஊதினார். வேலை படு சுத்தம். அதுவே வினையாயிற்று. இடது கன்னத்துக்கு இருபத்தைந்து வயதும் வலது கன்னத்துக்கு எழுபது வயதுமாக நிறுவனர் விழித்தார். பாரபட்சம் வேண்டாமென்று வலது பக்கத்தையும் ஊதினால், நரைத்த தலை ஒட்டாமல் நின்றது. முடியைக் கறுப்பாக்கிவிடலாம் என்றார் கேக் கடைக்காரர். ஓட்டுநர் குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முடி கறுத்தது. இப்போது பாதி மீசைதான் பாக்கி.

"எடுத்துடுங்க சார்," என்றார் மூலை மேசை அம்மாள். "பாதி மீசை இருக்கறதுக்கு இல்லாமலே இருக்கலாம்."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மீசை போனதும் உதடு அநாதையாகத் தெரிந்தது. கீழுதட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கலாமே என்றார் அம்மாள். தடித்த உதட்டுக்கு மூக்கு போதவில்லை. காதும் சற்று விரிந்தால் தேவலை என்றானது. முன்நெற்றியில் இவ்வளவு முடி எதற்கு என்றும் அம்மாளே கேட்டார். பதறிப்போனவனுக்கு யார் சொன்னாலும் வேதவாக்கு. சொல்லச் சொல்ல மாஸ்டர் ஊதிக்கொண்டே போனார்.

மூன்றே முக்காலுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, நாலடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். உயிருள்ள முகம். வாழ்நாளில் அவர் இவ்வளவு நன்றாக எதையும் வரைந்ததில்லை. ஆனால் அது நிறுவனர் இல்லை. முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர், நிறுவனரின் கோட்டைப் போட்டுக்கொண்டு லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

துணியைப் போட்டு மூடலாமா, சட்டத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடலாமா என்று மாஸ்டர் யோசித்தார். சாயங்காலம் மகளிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்ததும் யோசனையும் ஓடவில்லை. ஓட்டுநர் பக்கத்தில் வந்து, எல்லாம் தன் கைங்கரியம் என்று தானே சொல்லிவிடுவதாகக் கிசுகிசுத்தார்.

"வேணாங்க," என்றார் மாஸ்டர். "நீங்க ஒரு புள்ளிதான் வெச்சீங்க. மிச்சமெல்லாம் நான்."

நான்கு அடித்ததும் முதல்வர் வந்துவிட்டார். மேசைகளைப் பார்த்தார். மாணவர்கள் காகிதத்தில் ஊதிப் பழகிய கோடுகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"யாரு இது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. நிரந்தர வேலை, மகளின் பெருமை எல்லாம் போயிற்று என்றே அவருக்குத் தோன்றியது. மன்னிப்பு எங்கிருந்து தொடங்குவது என்பது மட்டும் தெரியவில்லை.

அந்த நேரம் மூலை மேசை அம்மாள் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"எங்கப்பா, சார். இந்த இடத்தை ஆரம்பிச்சவர். இத்தனை வருஷமா நீங்க மாட்டி வெச்சிருந்தது எங்க பெரியப்பாவை."