குடிலுக்கு நான் வெளிச்சம் போட்ட கதை

'தெரியாது' என்று சொல்ல நாலே எழுத்து போதும். அந்த நாலெழுத்தை உரிய நேரத்தில் சொல்லாததால், மலேசியாவில் பெக்கான் நானாஸ் என்கிற ஊரில் ஒரு வீட்டை இருட்டாக்கி, கிறிஸ்துமஸ் குடிலில் புகை கிளப்பி, எனக்குப் பெண் தரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதரின் எதிரிலேயே வயரும் கையுமாக நின்றவன் நான். இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. நான் மறைத்தால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் மறந்தாலும் மாமியார் இருக்கிறார்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தம்போய் என்கிற ஊரில், ரைஸ் குக்கர் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை. முடிந்து வருகிற குக்கரின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் உத்தியோகம். எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்றெல்லாம் அதில் அச்சடித்திருக்கும். கோணாமல் ஒட்ட வேண்டும். கோணாமல் ஒட்டுவதில் என்னை அடிக்க ஆளில்லை. ஆனால் குக்கருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை (சோறு இருக்கும், அவ்வளவுதான் தெரியும்).

ஸ்டெல்லாவை தேவாலய இளைஞர் முகாமில் சந்தித்தேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை. இரண்டு வருடம் பழகிய பிறகு வீட்டில் சொன்னாள். அவளுடைய அப்பா ஒருநாள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன வேலை தம்பி என்று கேட்டார். ஸ்டிக்கர் ஒட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "எலக்ட்ரிக்கல் லைன், அங்கிள்" என்று சொல்லிவிட்டேன். ரைஸ் குக்கரில் சோறு மின்சாரத்தில்தானே வேகிறது? அதுவரை விறைப்பாக இருந்த குரல் திடீரென்று இளகி, "அப்படியா, ரொம்ப நல்லது தம்பி" என்றது.

இதை ஸ்டெல்லாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா ஓர் அன்னாசித் தொழிற்சாலையில் முப்பது வருடம் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவராம். அதாவது, பரீட்சை எழுதி, அரசாங்கச் சான்றிதழ் வாங்கி, அந்த ஆலையின் மொத்த மின்சாரத்துக்கும் பொறுப்பாக இருந்தவர். உலகத்தில் எத்தனையோ மாமனார்கள் இருக்க, எனக்கு வாய்க்கப் பார்த்தவர் இவர்.

"அப்பாகிட்ட கரண்டப் பத்தி வாயத் தொறக்காதீங்க. கேட்டாருன்னா ஸ்டிக்கர் ஒட்டுறேன்னு உண்மைய சொல்லிடுங்க. என்ன வேலைங்கிறது அவருக்குப் பெருசில்ல. பொய் சொன்னாத்தான் புடிக்காது" என்றாள்.

சொல்லிடறேன் லா என்று சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டேன்.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் பெண் வீட்டுக்குப் போனேன். அன்று மாலை ஏழரைக்கு தேவாலயப் பாட்டுக்குழு அந்த வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மழையில் மோட்டார்சைக்கிளை ஓட்டிக்கொண்டு நாலு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்த அங்கிளின் ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. போன வாரம்தான் கண்புரை அறுவை நடந்ததாம். குனியக் கூடாது, உற்றுப் பார்த்துச் செய்கிற வேலை எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

அந்த வீட்டில் ஒரு பழக்கம். மாப்பிள்ளையாக வரப்போகிறவனும் பெண்ணின் அப்பாவும் முதலில் தனியாகப் பேச வேண்டும். பெண் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கக் கூடாது. ஆகவே ஸ்டெல்லா சிரப் தண்ணீரும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு சமையலறைக்குப் போனாள். போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே எச்சரித்தாள். நானும் மரியாதைக்காக என் கைப்பேசியைச் சத்தமில்லாமல் ஆக்கி, மழைக்கோட்டுப் பையில் போட்டு வாசலில் மாட்டினேன். அன்று நான் செய்த தவறுகளில் மிகச் சின்னது அதுதான்.

ஹாலின் மூலையில் குடில். நிஜப் பாசி, வைக்கோல், மாதா, சூசையப்பர், ஆட்டுக்குட்டிகள். நடுவில் அலுமினியத் தாளை நீட்டி விரித்து ஓர் ஓடை செய்திருந்தார்கள். கூரை மேல் இருபது பல்பு கொண்ட பழைய விளக்குச் சரம். அது எரியவில்லை.

"ஒரு பல்பு போயிருக்கும் தம்பி. என்னால பாக்க முடியல. நீங்க எலக்ட்ரிக்கல் ஆளு, கொஞ்சம் பாருங்களேன்" என்றார் அங்கிள்.

ஸ்டிக்கர் ஒட்டுகிறேன் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைத்திருக்காது. நான் என்ன செய்தேன்? சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடச் சொன்னார். பிடுங்கினேன். பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்தாவது பல்பின் உள்ளே கம்பி அறுந்திருந்தது. மாற்றுப் பல்பு இல்லை, அந்த மாதிரி இப்போது கடைகளில் வருவதில்லை என்றார் அங்கிள். எனக்குள் இருந்த எஞ்சினியர் விழித்துக்கொண்டான். பள்ளியில் படித்தது ஒன்றே ஒன்று ஞாபகம் இருந்தது: மின்சாரம் ஓட வழி முழுமையாக இருக்க வேண்டும், நடுவில் அறுந்தால் ஓடாது. சரி, செத்த பல்பை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டிவிட்டால் வழி முழுமையாகிவிடுமே! வயர் டேப் எங்கே என்று கேட்டால் அதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று பயந்து, முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் பரிசுப் பொட்டலம் கட்ட வைத்திருந்த செலோடேப்பை எடுத்துச் சுற்றினேன்.

பிளக்கைச் செருகியதும் சரம் பளிச்சென்று எரிந்தது. ஸ்டெல்லாவின் அம்மா, அதாவது ஆன்ட்டி, சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, கெட்டிக்காரப் பிள்ளை என்றார். ஆண்டவர் சாட்சியாக, அந்த நிமிடத்தில் என் கல்யாணம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் சரம் அணைந்தது. இன்னொரு பல்பு போயிருந்தது. அதையும் வெட்டினேன், ஒட்டினேன். எரிந்தது, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. அடுத்து மூன்றாவது. பிறகு நாலாவது. ஒவ்வொன்றாகக் குறையக் குறைய வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. மஞ்சளாக எரிந்த பல்புகள் வெள்ளையாக எரிய ஆரம்பித்தன. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். அங்கிள் இடையில் எழுந்து, நாற்காலியை இழுத்து பிளக் சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். காற்றுக்காக இடம் மாறுகிறார் என்றே எனக்குத் தோன்றியது (அங்கே காற்றாடியே கிடையாது).

"எத்தன பல்பு மிச்சம் தம்பி?" என்றார்.

"பதினாலு, அங்கிள்."

"முன்னவிட நல்லா எரியுதே. ஏன்?"

"கான்டாக்ட் எல்லாம் சுத்தமாயிடுச்சு, அங்கிள். இதுக்கு மேல இன்னும் நல்லா வரும்" என்றேன். என் குரலில் இருந்த தன்னம்பிக்கையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அவர் சிரப்பைக் குடித்தார். இதற்கிடையில் சமையலறையில் ஸ்டெல்லா கட்லட் பொரித்துக்கொண்டே மழைக்கோட்டுப் பைக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஏழரை மணி ஆனது. வாசலில் கித்தார் சத்தம். மழை பெய்ததால் பாட்டுக்குழுவினர் பத்துப் பன்னிரண்டு பேரும் உள்ளேயே வந்து ஹாலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அப்போது மிச்சம் இருந்தவை பன்னிரண்டு பல்புகள்தான். அவை குடிலுக்குப் போட்ட விளக்காக எரியவில்லை, பந்து மைதானத்துக்குப் போட்டதுபோல எரிந்தன. எல்லாரும் ஆகா என்றார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். பாட்டு ஆரம்பித்தது.

இரண்டாவது அடிக்குள் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. பல்புகளின் சூட்டில் என் செலோடேப் சுருண்டு உரிந்துவிட்டது. முறுக்கிய வயர்கள் அம்மணமாகத் தொங்கின. சரத்தின் ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் ஒன்றுமாக, இரண்டு வயர் முறுக்குகள் அந்த அலுமினிய ஓடையில் போய் விழுந்தன. அலமாக்! படீரென்று ஒரு சத்தம், ஒரு நீல வெளிச்சம், அதற்குப் பிறகு வீடு முழுவதும் இருட்டு. பாட்டு நின்றது. இருட்டில் சுவிட்ச் அணைக்கிற சத்தமும், பிளக்கைப் பிடுங்குகிற சத்தமும் கேட்டன. அங்கிள்தான்.

யாரோ கைப்பேசி விளக்கைப் போட்டார்கள். குடிலிலிருந்து மெல்லிய புகை. ஓர் ஆட்டுக்குட்டியின் முதுகு கருகியிருந்தது. மற்றபடி யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆன்ட்டி மட்டும் ஏசுவே ஏசுவே என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கித்தார்க்காரர் நல்ல மனிதர். "பழைய செட்டு லா அங்கிள். இப்படித்தான் ஆகும். இவரு என்ன செய்வாரு?" என்றார். கூட நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் தப்பித்துப் போகக் கதவைத் திறந்து வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. நானும் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கைப்பேசி வெளிச்சத்தில் அங்கிளின் ஒற்றைக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் ஸ்டெல்லா கரண்டியோடு நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"செட்டு மேல தப்பில்ல. நான்தான் செஞ்சேன். எனக்கு எலக்ட்ரிக்கல் ஒண்ணும் தெரியாது, அங்கிள். நான் ரைஸ் குக்கருக்கு ஸ்டிக்கர் ஒட்டுறவன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். பாட்டுக்குழு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

அங்கிள் பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"மூணாவது பல்புலயே தெரியும். நீ எப்ப சொல்வேன்னுதான் சுவிட்ச் பக்கத்துல உக்காந்திருந்தேன். செலோடேப்புதான் இந்தக் கண்ணுக்குத் தெரியல."

விழுந்திருந்த மெயின் சுவிட்சை அங்கிள் தூக்கிவிட்டதும் மின்சாரம் திரும்ப வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடில், குழல் விளக்கின் கீழே பாட்டுக்குழு என்று விழா ஒருவழியாக முடிந்தது. எல்லாரும் போன பிறகுதான் என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து ஏழு செய்திகள். முதலாவது: 'அது தொடர் சுற்று. ஒட்டிக்கிட்டே போகாதீங்க.' ஐந்தாவது: '240ஐ 14ஆல வகுத்துப் பாருங்க.' ஏழாவது: 'வகுக்கத் தெரியுமா?'

பெண் எட்டிப்பார்க்கக் கூடாது என்ற பழக்கத்தை அதற்குப் பிறகு யாரும் கவனிக்கவில்லை. ஸ்டெல்லா என் எதிரில் உட்கார்ந்து, கட்லட் தட்டை நகர்த்திவிட்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலவே எனக்குச் சொன்னாள். வீட்டுக்கு வருகிற 240 வோல்ட்டை இருபது பல்புகள் வரிசையாக நின்று பங்கு போட்டுக்கொள்கின்றன, ஆளுக்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டைத் தாங்கத்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றாக வெளியேற்ற, மிச்சம் இருப்பவர்களின் பங்கு ஏறியது. பன்னிரண்டு பல்பு ஆனபோது ஆளுக்கு இருபது. அளவுக்கு மீறி வாங்கியது அளவுக்கு மீறி எரிந்தது, சீக்கிரம் செத்தது. கடைசியில் வயர் தாளில் பட்டதும் மின்சாரம் பல்புகளையெல்லாம் விட்டுவிட்டு குறுக்கு வழியில் பாய்ந்துவிட்டது.

"அதாவது, அவ்வளவு வெளிச்சமா எரிஞ்சது..." என்று இழுத்தேன்.

"சாகப்போறதுக்கு முன்னாடி" என்றாள்.

எனக்கு அது பல்பைப் பற்றி மட்டும் சொன்னதாகத் தோன்றவில்லை.

கிளம்பும்போது அங்கிள் வாசல்வரை வந்தார். மழை விட்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் புரியவே இல்லை. பெண் கொடுக்கிறீர்களா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

"அந்தக் கித்தார்க்காரரு குடுத்த பொய்ய நீ வாங்கிக்கிட்டுப் போயிருந்தா குடுத்திருக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. என் மக வீட்டுல கரண்ட் வேலையெல்லாம் அவதான் பாப்பா" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அந்த நிபந்தனை அப்படியே நடக்கிறது. எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது ஸ்டெல்லா, ஏணியைப் பிடிப்பது நான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமனார் வீட்டில்தான் குடில் கட்டுகிறோம். விளக்குச் சரத்தை வெளியே எடுக்கிற நேரத்தில் மாமியாருக்குத் திடீரென்று ஐஸ் போதாது என்று தோன்றிவிடும். நான் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி வர வேண்டும். அவர்களுடைய குளிர்பெட்டியில் ஐஸைத் தவிர வேறு எதையும் வைக்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன வருடம் திரும்பி வந்தபோது ஆறு வயது மகள் கேட்டிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா, லைட்டெல்லாம் எரியுது. இப்ப நீங்க உள்ள வரலாம்னு தாத்தா சொன்னாரு" என்றாள்.