சகலையின் சல்லடை

இந்த உலகத்தில் பொறாமையே படாத தொல்லியலாளர் ஒருவர் உண்டென்றால், அது முதல் குழிக்காரர்தான். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடுக்குமாடி வீடுகள் எழும்பப்போகும் பொட்டலில் இரண்டு சோதனைக் குழிகள். இரண்டாவது அவருடைய சகலைக்கு. பழைய இடைக்கால ஊர் எந்தக் குழியில் தலைகாட்டுகிறதோ, அதை ஒட்டித்தான் பெரிய அகழாய்வு. அந்தக் குழிக்காரரே தலைவர் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

சகலை எந்நேரமும் சல்லடையும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

"மாவு மில்லுல இருக்கவேண்டிய ஆளு," என்பார் முதல் குழிக்காரர். "எனக்குக் கண்ணே சல்லடை." பிறகு ஆட்களிடம், "மண்ணை அவர் பக்கமாவே கொட்டுங்கப்பா. கொஞ்சம் தூசி தின்னட்டும்."

கண் சல்லடையில் ஒன்றும் நிற்கவில்லை. சகலைக்கோ வளையல் துண்டு, மெருகு பூசிய பானை ஓடு.

"எல்லாம் உங்க தயவு, சகலை!" என்றார் இரண்டாம் குழிக்காரர்.

குத்தல்! முதல் குழிக்காரர் ஆட்களைக் கூட்டினார்; வேகத்தைக் கூட்டினார். மண் மலையாகக் குவிந்தது. சகலைக்குச் செப்புக்காசு கிடைத்தது.

வீட்டில் மனைவி, "தங்கச்சி போன் பண்ணினா. அவ வீட்டுக்காரர் இன்னைக்குக் காசு எடுத்தாராம். நீங்க என்ன எடுத்தீங்க?"

"லீவு எடுக்கலாம்னு இருக்கேன்."

லீவு எடுக்கவில்லை. காலையில் இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"குழியை மாத்திக் கொடுங்க சார். அனுபவத்துக்குத் தகுந்த குழி வேணும்."

"நிஜமாத்தான் கேக்கறீங்களா?"

"நிஜமா."

"நல்லா யோசிச்சுக்குங்க."

"ராத்திரி பூரா அதைத்தான் சார் செஞ்சேன்."

சகலை முகம் சுளிக்கவே இல்லை. "உங்க பேச்சை நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் குழிக்கு நடந்தார். நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது. பாவம், அதிர்ச்சி போலும்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இரண்டாம் குழி தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பக்கத்தில் சகலை பாதி சலித்த மண்மேடு; மேலே சல்லடை. முதல் குழிக்காரர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குனிந்து, சத்தம் வராமல் சலிக்க ஆரம்பித்தார்.

முதல் ஆட்டலில் பானை ஓடு. அடுத்ததில் காசு! தலைவர் நாற்காலியில் பாதி உட்கார்ந்தேவிட்டார்.

"மாவு நல்லா வருதா சார்?"

காவலாளி, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு.

"சும்மா... பார்த்தேன். நல்ல குழிய்யா இது!"

"இந்தக் குழியா? முதல் நாளே பாறை தட்டிடுச்சே சார், அதான் பாய் போட்டு மூடிட்டார். இந்த மண்ணெல்லாம் நீங்க அவரைத் தூசி தின்னச் சொல்லிக் கொட்டவச்சது, காலையில அவருக்கு எழுதிக் கொடுத்தீங்களே, அந்தக் குழியில இருந்து."